புற்று, பானை, கண்ணாடிப் பெட்டி: வளர்ப்புப் பாம்பின் இருப்பிடம் பற்றி ஓர் ஆய்வு

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்று சொல்லும்போது நம் பரிவெல்லாம் கறையானுக்கே போகிறது. பாம்பின் பக்கம் நின்றும் அந்தப் பழமொழியைப் பார்க்கலாம். கோடையில் குளிர்ச்சியும் மார்கழியில் கதகதப்பும் தரும் இடம், தோல் உரிக்கும் நாட்களில் ஈரம் காக்கும் இடம், பகைவர் கண் படாத இருட்டு, உடம்பை நாற்புறமும் தொட்டு நிற்கும் சுவர் ஆகிய எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது கைவிட்ட புற்றில்தான். எலி வளையும் ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலான பாம்புகளுக்குத் தோண்டத் தெரியாவிட்டாலும் தேர்ந்தெடுக்கத் தெரியும்.

காஞ்சிபுரத்திலிருந்து பாலுசெட்டி சத்திரம் பக்கம் போனால் வரும் திருப்புட்குழியிலும், அதைச் சுற்றிய ஊர்களிலும், மஞ்சளும் குங்குமமும் பூசிய புற்றுகளைப் பார்க்காமல் கடக்க முடியாது. இந்த வட்டாரத்தின் பக்தியில் பாம்புக்கும் பறவைக்கும் பெரிய இடம் உண்டு. திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயில், ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடமாகப் போற்றப்படுவது. காஞ்சி நகருக்குள் உலகளந்த பெருமாள் கோயிலில், ஓங்கி நின்ற உருவத்தை முழுதும் காண இயலாத மாவலிக்காகப் பெருமாள் நாக உருவில் காட்சி தந்தார் என்பது தலவரலாறு. இப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்திலும் இன்று பாம்பை வீட்டில் வளர்க்க விரும்பும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது எந்தப் பெட்டி வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு விடை தேட வேண்டிய இடம் கடையல்ல, புற்று என்பது என் கருத்து. இதுவரை மனிதர் பாம்புக்கு அமைத்த வீடுகளை வரிசையாகப் பார்த்தால் அது விளங்கும்.

அதற்கு முன் சட்டம். நம் மண்ணில் பிறந்த எந்தப் பாம்பையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நாகம், மலைப்பாம்பு, சாரை, கண்ணாடி விரியன் ஆகியவை இப்போது மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. அந்தப் பட்டியலில் உள்ள விலங்கு தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். செல்வம் சேரும் என்ற நம்பிக்கையில் இருதலை மணியனைப் பிடித்து மண் நிரப்பிய பானையிலோ சாக்கிலோ ஒளித்து வைப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பாம்பு யாருக்கும் செல்வம் கொண்டுவந்ததில்லை. வயலில் எலி பிடித்துப் பிழைத்த ஓர் உயிர் இருட்டறையில் பட்டினி கிடந்து சாவதுதான் நடக்கிறது. ஆகவே நாட்டுப் பாம்புக்கு ஏற்ற கூண்டு எது என்ற கேள்வி வனத்துறையும் உரிமம் பெற்ற நிறுவனங்களும் கேட்க வேண்டியது. வீட்டுக்குள் சாரை வந்துவிட்டால் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைத்து வெளியே அனுப்புவதோடு நம் வேலை முடிகிறது.

மனிதர் பாம்பை அடைத்து வைத்த பழைய வழிகளில் பாம்பாட்டியின் கூடையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூங்கில் அல்லது பிரம்பில் முடைந்த வட்டக் கூடை, மேலே ஒரு மூடி. காற்று போகும், இருட்டாக இருக்கும், தோளில் தூக்கிச் செல்லலாம். அந்த மூன்றையும் தவிர அதில் எதுவும் இல்லை. பாம்பு தன் உடம்புச் சூட்டை மாற்றிக்கொள்ள ஓர் அங்குலம்கூட நகர முடியாது, தண்ணீரும் கிடையாது. நீர் வற்றித் தவிக்கும் பாம்பு கொடுத்த பாலைக் குடிப்பதைப் பார்த்துத்தான் பாம்பு பால் குடிக்கும் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றியது. பற்களைப் பிடுங்கிய பிறகு வாய் புண்ணாகி, சில மாதங்களில் பாம்பு செத்துப்போகும். வேறு பாம்பு அந்த இடத்துக்கு வரும். கூடையைக் குறை சொல்வதைவிட, அது பாம்பின் ஆயுளைக் கணக்கில் எடுக்காமல் செய்த பொருள் என்று சொல்வது சரியாக இருக்கும்.

இருளர்களின் பானை இதற்கு நேர்மாறு. பாம்பை அடைத்து வைப்பது பற்றித் தமிழகம் உலகுக்குக் காட்டக்கூடிய உருப்படியான பாடம் அதில் இருக்கிறது.

பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபோது அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் பிழைப்பற்று நின்றன. ஊர்வனவியலாளர் ரோமுலஸ் விட்டேக்கர் அவர்களோடு சேர்ந்து முயன்றதில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் அது இயங்குகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை இந்த இடமும் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புகளை வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து, நஞ்சு எடுத்து, விஷமுறிவு மருந்து செய்யும் நிறுவனங்களுக்கு அளிக்கிறார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றபோது இந்த வேலையின் அருமை நாட்டுக்குத் தெரிந்தது.

அங்கே பாம்பு வாழ்வது மண்பானையில். அடியில் மணல், வாயில் பருத்தித் துணி, அதைச் சுற்றிக் கட்டிய கயிறு. பானை சுடுமண் என்பதால் ஈரம் சுவரில் ஊறி மெல்ல ஆவியாகிறது, உள்ளே வெயிலின் சூடு ஏறுவதில்லை. துணி காற்றை விடுகிறது, ஒளியைத் தடுக்கிறது. வளைந்த சுவரில் உடம்பு முழுதும் ஒட்டிக்கொண்டு பாம்பு சுருண்டிருக்கிறது. மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள ஒரு மூலையும் இல்லை. புற்றின் பண்புகளில் பெரும்பாலானவை ஒரு குயவரின் கைப்பொருளில் வந்துவிடுகின்றன.

அந்தப் பானையின் வெற்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாரம் ஒரு முறை என நான்கு முறை நஞ்சு எடுத்தபின் பாம்பின் வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த சில தோலுரிப்புகளில் அது மறையும்வரை அந்தப் பாம்பை மறுபடி பிடிக்க மாட்டார்கள். பானை ஏறத்தாழ ஒரு மாதத்துக்கான வீடு. ஓய்வுக்கும் ஒளிவுக்கும் அது போதும். ஊர, நீள, ஏற, வேட்டையாட அதில் இடமில்லை. இருளர்களைக் காட்டிப் பானையே போதும் என்று சொல்பவர்கள் காலக் கெடுவை மறந்துவிடுகிறார்கள்.

நீண்ட காலம் வைத்திருப்பதற்கு நம் நாட்டில் முன்மாதிரி கிண்டியில் இருக்கிறது. விட்டேக்கர் சேலையூரில் சிறிய அளவில் தொடங்கி 1972இல் கிண்டிக்குக் கொண்டுவந்த பாம்புப் பண்ணை, நாட்டின் முதல் ஊர்வனப் பூங்கா. கண்ணாடி வைத்த அறைகளுக்குள் மரக்கிளை, கல், தண்ணீர்த் தொட்டி என்று அமைத்திருப்பார்கள். பார்க்க வருபவர்களில் பலர் பாம்பு அசையவில்லை என்று கண்ணாடியைத் தட்டுகிறார்கள். அதைத் தட்டாதீர்கள் என்று எழுதி வைத்தாலும் தட்டுகிறார்கள். எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக அமைத்த இருப்பிடத்துக்கும், பாம்பு ஒளிந்திருக்க வேண்டும் என்பதற்காக அமைப்பதற்கும் உள்ள முரண்பாடு அந்தக் கண்ணாடியில் நேரில் தெரிகிறது. கல்விக்கான பூங்காவில் அந்த முரண்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டு வரவேற்பறையில் பொறுத்துக்கொள்ள ஒரு நியாயமும் இல்லை.

இனி வெளிநாட்டுப் பாம்புகள். இந்தியாவில் வளர்ப்புப் பாம்பு என்றால் நடைமுறையில் ஆப்பிரிக்காவின் பால் பைதானும் (ball python) அமெரிக்காவின் கார்ன் ஸ்னேக்குமே அதிகம். இரண்டுக்கும் நஞ்சில்லை. 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டிகளிலிருந்து 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் சுங்கத்துறையினர் எடுத்தார்கள். அவை பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் இருந்தன. வாங்கும் கைகள் இருப்பதால்தான் அந்த டப்பாக்கள் வருகின்றன. அழிவுறும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸின் (CITES) பட்டியலில் உள்ள பால் பைதான் போன்ற உயிர்களை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் விதிகள் வந்துவிட்டன. பதிவுச் சான்றும், எங்கே பிறந்தது என்பதற்கான ஆவணமும் இல்லாத பாம்புக்குப் பெட்டி தேடுவதில் பொருளில்லை. நம் தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் பாம்பை வீட்டில் வைத்திருப்பதற்கே தடை. நார்வே 1977இலிருந்து ஊர்வன வளர்ப்பைத் தடுத்து வைத்திருந்து, 2017இல் 19 இனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது. இவற்றோடு ஒப்பிட்டால் வெளிநாட்டுப் பாம்பு விஷயத்தில் நம் சட்டம் தளர்வானதே.

முறைப்படி பதிந்த ஒரு பால் பைதான் திருப்புட்குழியில் ஒரு வீட்டுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கவனிப்பு நன்றாக இருந்தால் இருபது முப்பது ஆண்டு வாழும். ஒன்றேகால் மீட்டர் வளரும், பெண் பாம்பு இன்னும் கொஞ்சம் நீளும். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் அது பகலைக் கழிப்பது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நம் நாகமும் கானா நாட்டு மலைப்பாம்பும் ஒரே வகை வீட்டைத்தான் தேடுகின்றன.

அளவு பற்றித்தான் பெரிய வாதம் நடக்கிறது. பாம்பின் நீளத்தில் பாதி அல்லது மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள பெட்டி போதும், பாம்பு எப்போதும் சுருண்டுதானே கிடக்கிறது என்பது பழைய கணக்கு. இனப்பெருக்கத் தொழில் செய்வோர் இதையும் தாண்டி, அலமாரி இழுப்பறை போல் அடுக்கிய பிளாஸ்டிக் தட்டுகளில் நூற்றுக்கணக்கில் வளர்க்கிறார்கள். அதை ரேக் என்பார்கள். பெரிய பெட்டியில் விட்டால் பாம்பு பயந்து இரையெடுக்காது என்பது அவர்களின் வாதம். இதில் ஓர் உண்மை இருக்கிறது. வெறுமையான பெரிய கண்ணாடிப் பெட்டியில் பால் பைதான் நிச்சயம் மிரண்டு பட்டினி கிடக்கும். ஆனால் அதை மிரட்டுவது இடத்தின் பரப்பு அல்ல, மறைவு இல்லாத வெளி. புல்வெளியில் ஏக்கர் கணக்கில் இடம் இருந்தும் அது இரையெடுக்கத்தானே செய்கிறது?

கிளிஃபோர்ட் வார்விக்கும் அவரோடு சேர்ந்தோரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 65 பாம்புகளை ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் கவனித்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அந்த நேரத்துக்குள் உடம்பை நேராகவோ ஏறக்குறைய நேராகவோ நீட்டின. சுருண்டே கிடக்கும் உயிர் என்ற எண்ணம் அதோடு தளர்ந்தது. 2021இல் ஜெர்மனியில் 35 பால் பைதான்களை ரேக்கிலும், டெரேரியம் எனப்படும் இயற்கைபோல் அமைத்த பெட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ரேக்கில் ஏறுவதற்கும் வெயில் காய்வதற்கும் வாய்ப்பே இல்லை என்பதோடு, சுவரோரம் திரும்பத் திரும்ப ஊரும் தவிப்பும் அங்கே கூடுதலாகத் தெரிந்தது. அதற்கும் முன்பே, 2006இல் அமெரிக்காவில் ஆம்லியும் பர்கார்ட்டும் எலிப்பாம்புகளில் ஒரு சோதனை செய்தார்கள். கிளை, மறைவிடம், மாறும் பொருட்கள் நிறைந்த கூண்டில் வளர்ந்த பாம்புகள், வெறும் கூண்டில் வளர்ந்தவற்றைவிடப் புதிய இடத்தில் விரைவில் பழகின, புதிர்களையும் விரைவில் தீர்த்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது நான் ஏற்கும் கணக்கு இதுதான். பெட்டியின் நீளம் பாம்பின் முழு நீளத்துக்குக் குறையக் கூடாது. அகலமும் உயரமும் அதில் பாதியாவது இருக்க வேண்டும். நான்கு அடி வளர்ந்த பால் பைதானுக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம்; அதைவிட நீண்ட பாம்புக்கு அதற்கேற்பக் கூடுதல். அதற்குள் குறைந்தது இரண்டு மறைவிடம், ஒன்று சூடான மூலையிலும் ஒன்று குளிர்ந்த மூலையிலும். ஒன்றே ஒன்று வைத்தால், பாம்பு சூடா பாதுகாப்பா என்று இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேரிடும். மறைவிடத்தின் உள் அளவு பாம்பு சுருண்டால் சுவரைத் தொடும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். வாய் உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது. இடைவெளியில் உலர்ந்த இலை, மரப்பட்டை, பருமனான கிளை. பெரிய பெட்டிக்குள் சின்னச் சின்னப் புற்றுகள் இருக்கின்றன என்று பாம்பு உணர வேண்டும்.

சூடு பற்றி மேல்நாட்டுப் புத்தகங்கள் எழுதியிருப்பதை அப்படியே காஞ்சிபுரத்தில் பின்பற்றினால் பாம்பு செத்துவிடும். இந்த இடத்தில் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேச விரும்புகிறேன். பால் பைதானுக்கு ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறு மூலை 25 டிகிரி அளவில் வேண்டும். கார்ன் ஸ்னேக்குக்கு இதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு. இங்கிலாந்தில் அறை 18 டிகிரியில் இருக்கும், அதனால் அங்கே கேள்வி எப்படிச் சூடேற்றுவது என்பது. விளக்கு, சூட்டுப் பாய், நான்கு பக்கமும் மூடிய பெட்டி எல்லாம் அந்தக் கேள்விக்கு வந்த விடைகள். நம் ஊரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஓடோ தகரமோ போட்ட வீட்டுக்குள் பகல் மூன்று மணிக்கு 36, 37 சாதாரணம். அந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பாம்புக்குக் குளிர்ந்த மூலை என்று ஒன்றே கிடையாது. 38க்கு மேல் சில மணி நேரம் போனால் உயிர் தங்காது. கத்தவும் தெரியாது.

ஆகவே இங்கே பெட்டி தேர்வது எப்படிக் குளிர வைப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். முழுக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். மூன்று பக்கம் கெட்டியான பலகை அல்லது பிவிசி, முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு, எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்று தாழ்வாகவும் ஒன்று உயரமாகவும் காற்று வழி, அதற்கு எஃகு வலை. இது தச்சர் செய்து தரக்கூடியது. ஒட்டுப்பலகை ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதிப்போகும் என்பதால் உள்ளே நீர் புகாத பூச்சு வேண்டும், அதன் வாடை முழுதும் போக இரண்டு வாரமாவது திறந்து வைக்க வேண்டும். வீட்டில் வடக்குச் சுவரோரம் வையுங்கள், ஜன்னல் வெயில் ஒரு மணி நேரம்கூடப் படக்கூடாது. மின்சாரம் போய்விடும் பகலுக்காகக் குளிர்ந்த மூலையில் நனைத்த மண்சட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். இருளர் பானையின் அறிவியல் அங்கே பயன்படும். மார்கழி தை இரவுகளில் மட்டும் ஒரு மூலைக்கு மெல்லிய சூட்டுப் பாய் தேவைப்படும், அதுவும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடாது. சூடேறும் செயற்கைக் கல் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும், அதை வாங்கவே வேண்டாம். புறஊதா விளக்கு தேவையா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. கார்ன் ஸ்னேக்கில் அது உடலின் வைட்டமின் டி அளவை உயர்த்துகிறது என்று 2008இல் காட்டினார்கள், பால் பைதானில் அப்படி மாற்றமில்லை என்று 2013இல் வேறு சிலர் காட்டினார்கள். வீட்டுக்குள் இயல்பான பகல் வெளிச்சமும் முழு இரவு இருட்டும் கிடைத்தால் பெரும்பாலும் போதும்.

தரையில் இடுவதற்கு நம்மிடம் உலகமே விலை கொடுத்து வாங்கும் பொருள் இருக்கிறது, தென்னை நார்க்கழிவு. உப்புப் போகக் கழுவிக் காயவைத்து நான்கு அங்குலம் பரப்பினால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். காற்றில் ஈரப்பதம் 50 முதல் 60 விழுக்காடு இருந்தால் தோல் முழுச் சட்டையாக உரியும். குறைந்தால் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்மேல் படலம் தங்கிவிடும். நிறைந்தும் காற்றோட்டம் இல்லாமலும் இருந்தால் மூச்சுக்குழலில் தொற்று வரும், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடிச் சென்னைக்குத்தான் ஓட வேண்டும். தேவதாரு, பைன் போன்ற வாசனை மரங்களின் சீவலைத் தவிர்க்கவும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய இரண்டு விஷயங்களை எந்தக் கையேடும் சொல்லாது. முதலாவது தறி. குழித்தறி ஓடும் வீட்டில் பலகை அடிக்கும் ஒவ்வோர் அடியும் தரை வழியே போகிறது. பாம்பு தாடை எலும்பால் தரை அதிர்வை உணரும் உயிர். நாள் முழுதும் பக்கத்தில் ஏதோ பெரிய விலங்கு நடமாடுகிறது என்றே அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும். தறியறையிலும் அதை ஒட்டிய சுவரிலும் பெட்டியை வைக்கவே கூடாது. வேறு அறையில் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் நிற்கும் மேசையில் வைக்கலாம். இரண்டாவது எறும்பு. அடைபட்ட பாம்பு, அதிலும் தோல் உரிக்கும் பாம்பு, எறும்புக் கூட்டத்திடமிருந்து தப்ப முடியாது. சோற்றுப் பாத்திர அலமாரிக்குப் பாட்டிமார் செய்வது போல மேசையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். எறும்புப் பொடியைப் பெட்டியருகே தூவாதீர்கள்.

பூட்டு பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலை நுழையும் சந்தில் உடம்பும் நுழையும். சறுக்குக் கண்ணாடிக்குப் பூட்டுப் போடாதவர் பாம்பு வைத்திருக்கத் தகுதியற்றவர் என்பேன். தப்பிய வெளிநாட்டுப் பாம்பைத் தெருவில் யாராவது அடித்தே கொல்வார்கள். கொல்லாமல் விட்டாலும் நல்லதில்லை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பில், வளர்ப்பவர்களிடமிருந்து வெளியேறிய பர்மிய மலைப்பாம்புகள் பெருகி அங்குள்ள நடுத்தர அளவுப் பாலூட்டிகளை ஏறக்குறைய துடைத்துவிட்டன.

பெட்டியைச் செய்து முடித்தவுடன் பாம்பை வாங்க வேண்டாம். மறைவிடம், நார்க்கழிவு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து, இரண்டு மூலையிலும் ஒவ்வொரு வெப்பமானியும் நடுவில் ஓர் ஈரப்பதமானியும் பொருத்தி, சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் கழியும்வரை வெறும் பெட்டியாகவே வைத்துப் பாருங்கள். காலை ஆறு, பகல் மூன்று, இரவு பத்து மணிக்கு ஏட்டில் எழுதுங்கள். மின்சாரம் நின்ற நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த மூலை ஒரு நாளாவது 30 டிகிரியைத் தாண்டினால் பெட்டியின் இடத்தையோ காற்று வழியையோ மாற்றி மறுபடி அளக்க வேண்டும். மாற்றியும் இறங்கவில்லை என்றால் அந்த வீட்டில் பால் பைதானோ கார்ன் ஸ்னேக்கோ வைக்கக் கூடாது. பாம்பின் மீதான ஆர்வம் அப்போதும் வீணாகப் போவதில்லை. வடநெம்மேலிப் பானைகளையும் கிண்டிப் பூங்காவையும் போய்ப் பார்க்கலாம். ஏரிக்கரைப் புற்றுகளைத் தள்ளி நின்று பொறுமையாகக் கவனித்து, எந்தப் பாம்பு எந்த மாதத்தில் எங்கே தங்குகிறது என்பதை எழுதி வைக்கும் வேலை இந்த வட்டாரத்தில் செய்ய ஆளின்றிக் கிடக்கிறது.